கடலோரக் கழனியும் உவர்நீரும்

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பது நம் தமிழகத்துப் பழமொழி. நாவிற்கு இனிதாகிய அவ்வுப்பே நெல்லின் வேருக்கு நஞ்சாதலும் உண்டு. உணவில் ஒரு சிட்டிகை குறைந்தால் முகஞ் சுளிக்கும் நாம், கழனியில் அது மிகுதலால் ஓர் உழவன் தன் கிணற்றையும், பின்னர்த் தன் நிலத்தையும், ஈற்றில் தன் ஊரையுமே கைவிட நேர்கின்றது என்பதனை நினைத்துப் பார்த்தல் அரிது. இக்கட்டுரையில், புதுக்கோட்டை மாவட்டத்துக் கடற்கரையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, உவர்நீர் நிலத்தினுள் எவ்வாறு புகுகின்றது, புகுந்தபின் நீரையும் மண்ணையும் எங்ஙனம் திரிக்கின்றது, அதனை அறியும் வழியும் தடுக்கும் வழியும் யாவை என்பவற்றை ஆராய்வாம்.

புதுக்கோட்டை என்ற மாத்திரத்தில் கடலை நினைப்பார் சிலரே. தொண்டைமான் மன்னர்தம் பழைய சமஸ்தானத்திற்குக் கடற்கரை என்பதே இல்லை. 1948-ம் ஆண்டில் அச்சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் ஒரு பகுதியாயிற்று. பின்னர், 1974-ம் ஆண்டு ஜனவரித் திங்கள் 14-ம் நாள், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் என்னும் இரு மாவட்டங்களினின்றும் சில பகுதிகளைப் பிரித்துப் புதுக்கோட்டை மாவட்டம் அமைக்கப்பெற்ற காலத்தேதான், தஞ்சையைச் சார்ந்திருந்த அறந்தாங்கிப் பக்கத்து நிலமும், அந்நிலத்தோடு கடலும் வந்து சேர்ந்தன. கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல், முத்துக்குடா என்னும் ஊர்கள் அமைந்த அக்கடற்கரையின் நீளம் ஏறத்தாழ 40 கிலோமீட்டராகும். அங்குள்ள கடல் பாக் விரிகுடா. அது ஆழமற்றது, பெரும்பாலும் அமைதியானது, ஏற்றவற்றத்தின் வேறுபாடும் ஒரு மீட்டருக்குக் குறைந்ததே. அலை வந்து மோதி அச்சுறுத்தும் கடலன்று அது. ஆயினும், அமைதியாக இருக்கும் கடலும் நிலத்தின் அடியில் அமைதியாகவே நடந்து வரவல்லது என்பதனை மேலே காண்பாம்.

மாவட்டத்தின் மேற்குப் பகுதி பெரும்பாலும் கடும்பாறை நிலம். ஆலங்குடி, கந்தர்வகோட்டைப் பக்கங்களிற் செம்புறாங்கல் மிகுதி. கிழக்கே செல்லச் செல்ல மணலும் களியும் மணற்கல்லும் அடுக்கடுக்காகப் படிந்த வண்டற்படிவங்கள் தடித்துக்கொண்டே போய்க் கடலுக்குள் மறைகின்றன. ஆண்டு மழை ஏறத்தாழ 900 மில்லிமீட்டர். அதிற் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களிற் பெய்வது. அம்மழையைத் தேக்கி வைத்தற்கென நம் முன்னோர் வெட்டிய கண்மாய்களும் ஏரிகளும் இம்மாவட்டத்தில் 5,000-க்கும் மேற்பட்டவை. 1934-ம் ஆண்டில் மேட்டூர் அணை முடிவுற்றதன்பின், காவிரிநீரும் கல்லணைக் கால்வாய் வழியாக இப்பக்கம் வரலாயிற்று. ஏறத்தாழ 148 கிலோமீட்டர் ஓடி அக்கால்வாய் முடிவது மணமேல்குடியை அடுத்த மும்பாலை ஏரியிலேயாம். கடைமடை என்னுஞ் சொல்லின் பொருளை அறிய விரும்புவோர் அவ்வூர்ப் பக்கத்து உழவரைக் கேட்டல் நன்று. மேலே உள்ளார் அனைவரும் குடித்து மிஞ்சியதே அவர்களுக்கு.

உவர் என்றவுடனே அதனைக் கடலின் செயலெனக் கொள்ளுதல் பலர்க்கும் இயல்பு. அஃது எப்போதும் பொருந்தாது. கடலே இல்லாத புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் உவர்மண்ணைக் கரைத்து வடித்துக் காய்ச்சி மண்ணுப்பு எடுக்குந் தொழில் நெடுங்காலம் நடைபெற்றது. ஆங்கில அரசாங்கத்தார் தம் உப்பு வரிக்கு இழுக்கு நேராதபடி 1887-ம் ஆண்டில் சமஸ்தானத்தாரோடு உடன்படிக்கை செய்து, ஈட்டுத்தொகை கொடுத்து, அத்தொழிலை நிறுத்துவித்தனர். உள்நாட்டிலேயே உப்பு விளைந்தது எங்ஙனமெனின், பாறை சிதைந்து மண்ணாகும்பொழுது அதனின்று கரையும் உப்புக்கள், வடிகால் இல்லாத பள்ளங்களில் தேங்கி, வெயிலால் நீர் வற்ற, மேற்பரப்பிலே பூத்து நிற்றலால் என்க. ஆதலின், ஒரு வயல் வெளுத்திருப்பதைக் கண்டவுடன் கடலின்மேற் பழிபோடுதல் ஆராய்ச்சியாகாது.

நம் மொழியில் உவர் என்றும் களர் என்றும் இரு சொற்கள் உண்டு. பேச்சு வழக்கில் இவை மயங்கி வழங்கினும், இக்காலத்து வேளாண் நூலார் இவற்றை இருவேறு நோய்க்குப் பெயராகக் கொள்கின்றனர். கரையும் உப்புக்கள் மிகுந்த நிலம் உவர்நிலம், அது பொலபொலவென்றிருக்கும், கோடையில் மேலே வெள்ளை பூக்கும். சோடியம் என்னும் பொருள் களிமண் துகள்களோடு ஒட்டிக்கொண்ட நிலம் களர்நிலம். அது நனைந்தாற் சேறாய்க் குழம்பும், காய்ந்தாற் கல்லாய் இறுகும், நீரை உள்ளே விடாது. வண்ணார் துணி வெளுக்கக் கொள்ளும் உவர்மண்ணோ, பெயரால் உவராயினும், சோடியம் கார்பனேட்டு மிகுந்ததாதலின் நூலார் கணக்கிற் களரின் இனத்தைச் சார்ந்தது. பெயரில் என்ன இருக்கின்றது என்று கருதுதல் வேண்டா. இவ்விரண்டிற்கும் மருந்து வேறு வேறு. ஒன்றன் மருந்தை மற்றொன்றிற்கு இட்டுப் பொருளை வீணாக்குவோர் இன்றும் பலர்.

இனிக் கடற்கரைக்கு வருவாம். அங்கு உப்பு வருதற்குரிய வழி ஒன்றன்று. ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் நம் கரைகளில் இன்றைக்கினுஞ் சற்றே உயர்ந்திருந்தது. அக்காலத்துக் கடல் விட்டுச்சென்ற களிப்படுகைகளிற் பழைய உப்பு இன்னுந் தங்கியிருத்தல் கூடும். சோழநாட்டிற்கும் பாண்டிநாட்டிற்கும் எல்லையெனப் பண்டையோர் கூறிய தென்வெள்ளாறு முதலிய ஆறுகள், மழைக்காலத்தன்றி மற்றைக் காலத்தில் வறண்டு கிடப்பன. ஆற்றின் ஓட்டம் நின்றபின், கழிமுகத்தின் வழியே கடல்நீர் ஏற்றந்தோறும் உள்ளே ஏறி, இருகரை நிலத்திலும் ஊறுகின்றது. உப்பளங்களும் இறால் வளர்க்கும் குளங்களும் மக்கள் தாமே உண்டாக்கிய வாயில்கள். இவையனைத்தினும் கண்ணுக்குத் தெரியாததும், ஒருகால் வந்தபின் எளிதில் நீங்காததும் எதுவெனின், கிணறுகளின் வழியாக நிலத்தடியிற் கடல்நீர் ஏறுதலேயாம். அதனையே சற்று விரித்துக் கூறுவாம்.

கடற்கரை மணல்மேட்டிற் சிறு குழி தோண்டினால், கடல் கூப்பிடு தொலைவிலிருக்கவும், அக்குழியிற் குடித்தற்கினிய நீர் ஊறுதலைப் பலரும் அறிவர். அதனை மேலும் ஆழமாகத் தோண்டினால் நீர் கரிக்கத் தொடங்கும். இதன் காரணம் யாது? மழைநீர் மணலில் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின்மேல், கடைந்த மோரின்மேல் வெண்ணெய்போல, மிதந்து நிற்கின்றது. நன்னீரின் எடை ஒன்றெனின் கடல்நீரின் எடை 1.025. ஆகவே 40 மீட்டர் உயரமுள்ள கடல்நீர்த் தூண் ஒன்றன் எடைக்கு, 41 மீட்டர் நன்னீர்த் தூண் ஒத்து நிற்கும். அதாவது, கிணற்றின் நீர்மட்டம் கடல்மட்டத்திற்கு ஒரு மீட்டர் மேலே நின்றால், அதன் கீழ் 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் நிற்றல் கூடும். இவ்வுண்மையை 1828-ம் ஆண்டிலேயே ஜோசப் டு காமன் என்பார் அமெரிக்காவிற் கண்டு கூறினராயினும், உலகம் அதனைச் செவிக்கொள்ளவில்லை. பிற்காலத்தே ஆலந்து நாட்டு இராணுவப் பொறியாளராகிய பாடன் கைபன் 1888-ம் ஆண்டிலும், ஜெர்மானியராகிய ஹெர்ஸ்பர்க் 1901-ம் ஆண்டிலும், ஒருவரையொருவர் அறியாமலே இதனைத் தனித்தனி கண்டனர். இன்று இவ்விதி அவ்விருவர் பெயராலேயே வழங்குகின்றது. யாழ்ப்பாணத்து நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் நிற்றல் இதற்குக் கண்கூடான சான்று.

இக்கணக்கின் மறுபக்கந்தான் நாம் அஞ்சவேண்டுவது. நீர்மட்டம் ஒரு மீட்டர் உயர்ந்தால் 40 மீட்டர் நன்னீர் என்பது உண்மையாயின், அது ஒரு மீட்டர் தாழ்ந்தால் உப்புநீர் 40 மீட்டர் மேலேறும் என்பதும் உண்மையேயன்றோ? அவ்வேற்றம் ஒருநாளில் நிகழ்வதன்று. மண்ணின் தன்மைக்கேற்ப ஆண்டுகள் பல ஆகலாம். ஆனால் தராசின் தட்டு எப்பக்கம் சாயும் என்பதில் ஐயமில்லை. மேலும், ஓர் ஆழ்குழாய்க் கிணற்றில் வலிய பம்பினால் நாள் முழுதும் இறைக்குங்கால், அதன் நேர்கீழே உப்புநீர் ஒரு கூம்புபோற் குவிந்தெழுந்து குழாயின் வாயைத் தொடும். கவலை ஏற்றமும் துலாவும் இருந்த நாளில் மனிதனும் மாடும் களைத்துப்போதலே கிணற்றிற்குக் காப்பாயிருந்தது. மாடு களைத்தது, ஊற்று இளைப்பாறியது. மின்சாரப் பம்பிற்குக் களைப்பில்லை. தமிழ்நாட்டு உழவர்க்கு மின்சாரம் விலையின்றிக் கிடைக்கின்றது. அது ஏழை உழவனுக்குப் பெருந் துணையே என்பதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் கடலோரத்தில் மட்டுமேனும், எத்துணை நேரம் இறைப்பது என்பதற்கு ஊரார் கூடி ஓர் வரம்பு செய்துகொள்ளுதல் வேண்டும் என்பது எம் கருத்து.

இஃது ஏட்டுக் கணக்கன்று. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கத்து நிலத்தடியில் நல்ல நீர் நிறைந்திருந்தது. நகரத்தின் தேவைக்கும் தொழிற்சாலைகளுக்குமென 1960-களின் இறுதி முதலாக அங்குக் குழாய்க் கிணறுகள் பல அமைக்கப்பட்டன. உழவரும் தம் பங்கிற்கு இறைத்தனர். விளைவு, கடல்நீர் பல கிலோமீட்டர் உட்புகுந்தமையேயாம். நிலத்தடிநீர் எடுத்தலை ஒழுங்குசெய்யும் சட்டம் சென்னைப் பெருநகர்ப் பகுதிக்கென 1987-ம் ஆண்டில் இயற்றப்பட்டது. இதில் ஒரு வேடிக்கை என்னவெனின், அம்மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியிலேயே, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீரைக் கடல்நீரிலிருந்து பிரிக்கும் ஆலை 2010-ம் ஆண்டில் திறக்கப்பட்டது. இலவசமாய்க் கிடைத்ததை இழந்து, அதனையே பெரும்பொருள் செலவிட்டுத் திரும்பப் பெறுகின்றோம். மீமிசல் உழவனுக்கு அத்தகைய ஆலை கட்டித் தருவார் யார்?

நீர் கெடுதற்கு எத்துணைக் கடல்நீர் கலக்கவேண்டும் என்று கேட்பார்க்குச் சிறு கணக்கு ஒன்று கூறுவாம். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அதில் குளோரைடு மட்டும் 19 கிராம். நூறு பங்கு கிணற்று நீரில் ஐந்து பங்கு கடல்நீராயின், அதனால் மட்டும் லிட்டருக்கு 1,750 மில்லிகிராம் உப்பும், 950 மில்லிகிராம் குளோரைடும் சேர்ந்துவிடும். இந்தியத் தர நிர்ணயத்தார் குடிநீரிற் குளோரைடு 250 மில்லிகிராமுக்குள் இருத்தல் நன்றென்றும், வேறு நீர் கிடையாதவிடத்து 1,000 வரை பொறுக்கலாமென்றும் வரையறுத்துள்ளனர். ஆகவே நூற்றுக்கு ஐந்து பங்கிலேயே கிணறு ஏறக்குறையக் குடிநீர் என்னும் பெயரை இழக்கின்றது. குடம் சுமக்கும் பெண்மக்கள் இதனை எந்தக் கருவியினும் முன்னரே நாவினால் அறிவர்.

பாசனத்திற்கு அளவு வேறு. ஆயினும் பெரிதும் விலகியதன்று. லிட்டருக்கு ஒரு கிராம் உப்புள்ள நீர், நாவிற்குச் சற்றே கரிப்பது, அவ்வளவே. அந்நீரை ஒரு போகத்தில் ஒரு மீட்டர் ஆழத்திற்குப் பாய்ச்சினால், ஓர் ஏக்கரில் ஏறத்தாழ நான்கு டன் உப்பைக் கொண்டுவந்து கொட்டியதற்கு ஒப்பாகும். நீர் ஆவியாய்ப் போகும், பயிர் சிறிது குடிக்கும், உப்போ போவதில்லை. மழை பெய்து கழுவி, வடிகால் வழியே வெளியேற்றினாலன்றி, அந்நான்கு டன்னும் நிலத்திலேயே நிற்கும். அமெரிக்காவில் ரிவர்சைடு என்னுமிடத்து உவர்மண் ஆராய்ச்சிச்சாலையார் 1954-ம் ஆண்டில் வெளியிட்ட நூலில், நீரின் மின்கடத்துதிறனைக் கொண்டு பாசனநீரை நான்கு வகுப்பாகப் பிரித்தனர். 750 மைக்ரோமோ என்னும் அளவைத் தாண்டியது மிகுஉவரெனவும், 2,250-ஐத் தாண்டியது மிகமிக உவரெனவும் கூறினர். மேற்சொன்ன ஒரு கிராம் நீர் 1,500-ஐ ஒட்டி நிற்பது. அதாவது, நாம் "சற்றே" என்று பொறுத்துக்கொள்ளும் நீர், நூலாரின் மூன்றாம் வகுப்பைச் சார்ந்தது.

உப்பு மிகுந்த மண்ணிற் பயிர் வாடுவது ஏன்? மாவடுவை உப்பிலிட்டால் அது தன் நீரைக் கக்கிச் சுருங்குதலை நம் அடுக்களையில் ஆண்டுதோறும் காண்கின்றோம். உப்புச் செறிந்த பக்கத்திற்கே நீர் ஈர்க்கப்படுகின்றது. வேரின் வெளியே உப்புச் செறிவு மிகுமாயின், காலடியில் ஈரமிருந்தும் பயிருக்குத் தாகந் தீராது. நெல் முளைக்குங்கால் உவரை ஓரளவு பொறுக்கும். இளநாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் பொறுக்காது. மண்ணின் கடத்துதிறன் மூன்று டெசிசீமனைக் கடந்தபின் நெல்லின் விளைவு குறையத் தொடங்குகின்றது. ஏழைத் தாண்டுமுன்னரே பாதிக்கு வந்துவிடுகின்றது. தென்னை இதனினும் மிகப் பொறுக்கும். கடலோரத்தில் நெல் பொய்த்தவிடத்துத் தென்னை நிற்றல் அதனாலேயாம். ஆயினும் 2018-ம் ஆண்டு நவம்பர்த் திங்களில் வீசிய கஜாப் புயல் அத்தென்னைகளையும் ஆயிரக்கணக்கில் வீழ்த்திச் சென்றது. உவரைப் பொறுத்த மரம் காற்றைப் பொறுக்கவில்லை.

கிணற்றிற் கடல்நீர் கலக்கத் தொடங்கியதை முதலிற் காட்டுவது உப்புச்சுவையன்று என்பது பலர் அறியாத செய்தி. புகுந்துவரும் நீரிலுள்ள சோடியத்தைக் களிமண் பற்றிக்கொண்டு, தான் நெடுங்காலமாய் வைத்திருந்த கால்சியத்தை விடுகின்றது. அதனால் நீர் கரிக்குமுன்னரே கடினமாகின்றது. சோப்பு நுரைப்பதில்லை, பருப்பு வேகுவதில்லை, பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் பொருக்குப் படிகின்றது. "போன வருஷம் வெந்த பருப்பு இந்த வருஷம் வேகவில்லை" என்று கடலோரச் சிற்றூரில் ஒரு மூதாட்டி சொல்வாளாயின், அதனைப் பருப்பின் குற்றமென்று தள்ளிவிடாமல், நீரைச் சோதித்தல் தக்கது.

இதே மாற்றம் மண்ணில் மற்றொரு சூழ்ச்சியைச் செய்கின்றது. உவர்நீர் பாய்ந்த களிமண் சோடியத்தைப் பற்றியிருக்குங்காலும், உப்பு மிகுதியாயிருக்கும்வரை மண்ணின் கட்டுக் குலைவதில்லை. பின்னர் நல்ல மழை பெய்து உப்பெல்லாங் கழுவிப் போனால், உழவன் மகிழ்கின்றான். அப்போதுதான், கழுவப்படாது எஞ்சிய சோடியத்தால் களித்துகள்கள் பிரிந்து குழம்பி, மண்ணின் துளைகளை அடைத்துக்கொள்கின்றன. உவர் நீங்கிக் களர் பிறக்கின்றது. முன்னே கூறிய ஜிப்சம் என்னும் மருந்திற்கு இவ்விடத்தேதான் வேலை உண்டு. ஜிப்சத்திலுள்ள கால்சியம் சோடியத்தைப் பெயர்க்கும். பெயர்ந்த சோடியத்தை நீர்விட்டு வடித்தல் வேண்டும். வெறும் உவர்நிலத்தில், அதிலும் வடிகாலின்றி, ஜிப்சம் இடுதல் உப்போடு உப்பைச் சேர்த்தலேயாகும். மண்ணைச் சோதியாமல் மூட்டை மூட்டையாய் வாங்கி இறைப்பாரைக் கண்டு இரங்குதலன்றி வேறென் செய்வது?

சோதனை என்றதும் பெரிய கருவிகளை நினைத்து மலைக்க வேண்டுவதில்லை. நம் கல்லூரி இரசாயனச் சாலையில் முதலாண்டு மாணவரும் செய்வதே போதும். மாதிரி நீரிற் சிறிது பொட்டாசியம் குரோமேட்டு இட்டு, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலைத் துளித்துளியாய் விட்டுவர, முதலில் வெள்ளைப் படிவு தோன்றும்; குளோரைடு முழுதுந் தீர்ந்தவுடன் மஞ்சள் நிறம் செங்கல் நிறமாய்த் திரியும். செலவான துளியின் அளவே குளோரைட்டின் அளவு. மோர் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1856-ம் ஆண்டிற் கண்ட முறை இது. இதனோடு பைகார்பனேட்டையும் அளந்தால், அவ்வுப்புக் கடலின் உப்போ, பாறையின் உப்போ என்பதும் ஒருவாறு விளங்கும். கடல்நீரிற் குளோரைடு மிகுதி, பைகார்பனேட்டுக் குறைவு; மழையூறிய நன்னீரில் இது பெரும்பாலும் தலைகீழ். இவ்விகிதத்தைக் கொண்டு கடற்கலப்பை அறியலாமென 1941-ம் ஆண்டில் ரெவெல் என்னும் அமெரிக்க அறிஞர் எடுத்துக்காட்டினார்.

இறாற்குளங்களைப்பற்றி ஒன்று சொல்லாமல் மேற்செல்லுதல் நேர்மையாகாது. 1990-களில் நம் கிழக்குக் கரையெங்கும் இறால் வளர்ப்பு விரைந்து பரவிற்று. வயலை வெட்டிக் குளமாக்கி, அதில் உவர்நீர் நிரப்பினால், அந்நீர் அடுத்த வயலின் வரப்பைக் கேட்டு நிற்பதில்லை. அடியால் ஊறிச் செல்கின்றது. காந்தியடிகளின் நெறிநின்ற எஸ். ஜெகந்நாதன் அவர்கள் இதன்பொருட்டுத் தொடுத்த வழக்கில், 1996-ம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் இந்திய உச்ச நீதிமன்றம், கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதியில் இறாற்குளங்கள் கூடாவெனத் தீர்ப்பளித்தது. பின்னர் 2005-ம் ஆண்டிற் கடலோர நீர்வாழ் உயிர் வளர்ப்பு அதிகார அமைப்புச் சட்டம் வந்தது. பதிவும் நிபந்தனையும் பெற்றுத் தொழில் தொடர்கின்றது. இத்தொழிலால் வாழ்வு பெற்றோரும் உளர் என்பதனை மறத்தல் ஆகாது. ஆனால் குளத்தின் இலாபம் ஒருவருக்கும், அதன் ஊறல் அயலார்க்கும் செல்லுதல் முறையோ என்பதே கேள்வி. கேரளத்துப் பொக்காளி வயல்களில் மழைக்காலத்தில் உவரைக் கழுவி நெல்லும், மற்றைக் காலத்தில் அதே வயலில் இறாலும் மாறிமாறி விளைக்கின்றனர். அங்கும் மழையே உப்பை வெளியேற்றும் வேலையாள்.

மேலிருந்து வந்த கடலுக்கும் கீழிருந்து வரும் கடலுக்கும் உள்ள வேற்றுமையை 2004-ம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26-ம் நாள் நேர்ந்த ஆழிப்பேரலை நன்கு காட்டியது. புதுக்கோட்டைக் கரையை ஈழத்தீவு ஓரளவு மறைத்தமையால் இங்குச் சேதம் குறைவு. நாகப்பட்டினப் பக்கத்திலோ உயிர்களை வாரிக்கொண்டதோடு, வயல்களையும் கடல்நீர் மூடிற்று. இனி அந்நிலங்கள் பல்லாண்டு விளையா என்று அஞ்சினர். ஆனால் அடுத்த ஆண்டின் மழை மிகுதியாகப் பெய்து கழுவ, வடிகாலுள்ள வயல்களிற் பெரும்பாலானவை விரைவிலேயே விளைவுக்குத் திரும்பின. ஏனெனில், உப்பு மேலே கிடந்தது. கீழே நன்னீர் இருந்தது. நிலத்தடிநீரே கெட்டபின் அவ்வாறு மீளுதல் எளிதன்று. ஒரு தலைமுறையும் ஆகலாம்.

ஆகவே செய்யத்தக்கது யாதெனின், முதலிற் கண்மாயைக் காத்தல். கரையோரத்துக் கண்மாய் நிரம்பி நிற்குங்காலம் முழுதும், அது நிலத்தினுள் நன்னீரை இறக்கிக் கடலை எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருக்கின்றது. வரத்துக்கால் தூர்ந்து, கலிங்கு இடிந்து, உள்வாயில் கருவேல் மண்டிய கண்மாய் அவ்வேலையைச் செய்யாது. ஊருணிகளும் அத்தகையனவே. ஆம்ஸ்டர்டாம் நகரத்தார் 1853-ம் ஆண்டு முதல் தம் கடற்கரை மணல்மேடுகளின் நீரைப் பருகிவந்து, அது குறைந்து உவர் ஏறக்கண்டு, 1957-ம் ஆண்டு முதல் ரைன் நதியின் நீரைக் கொணர்ந்து அம்மணலிலேயே விட்டு நிரப்புகின்றனர். நம் முன்னோர் கண்மாய் வெட்டியதும் பயனால் அதுவேயன்றோ?

வயலைப் பொறுத்தவரை, ஐப்பசி மழைக்குமுன் வரப்பை உயர்த்தி, மழைநீரை வயலிலேயே நிறுத்தி, பின்பு வடித்தல் எளிய முறை. ஓரடி ஆழத்து மண்ணில் ஓரடி நீர் ஊடுருவி வடியுமாயின், அம்மண்ணின் உப்பில் ஐந்தில் நான்கு பங்கு நீங்கும் என்பது நூலார் கண்ட பொதுவிதி. வடிகாலின்றேல் இவ்விதி செல்லாது. கோடையில் நிலத்தை வெறுமையாய் விடுதலுந் தீது. விளக்குத்திரி எண்ணெயை ஈர்ப்பதுபோல் வறண்ட மேல்மண் அடியிலுள்ள உவரை மேலே ஈர்க்கும். ஓர் உழவு உழுது புழுதி படுத்தலும், தழையால் மூடுதலும், தக்கைப்பூண்டு விதைத்து மடக்குதலும் அத்திரியை அறுக்கும். விதையைக் கருதினால், குழியடிச்சான், களர்பாளை முதலிய பழைய நெல்வகைகள் உவரும் களரும் பொறுப்பன. கோ 43 என்னும் நெல்லும் அத்தகையது. திருச்சிராப்பள்ளி அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரியார் களர்நிலத்துக்கென 1995-ம் ஆண்டிற் திருச்சி 1 என்னும் வகையையும், பின்னர் வேறு சிலவற்றையும் வெளியிட்டனர். எவ்விதையாயினும் அது காலத்தை நீட்டித் தருமேயன்றி, கிணற்றை மீட்டுத் தாராது.

அரசினர் 2020-ம் ஆண்டு இயற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மணமேல்குடி ஆகிய வட்டாரங்களும் சேர்க்கப்பட்டுள்ளன. அச்சட்டம் எண்ணெய், எரிவாயு எடுத்தல் முதலிய சில தொழில்களைத் தடுக்கின்றது. உவர்நீரைத் தடுக்கும் ஆற்றல் எச்சட்டத்திற்கும் தானாக உண்டாவதில்லை. உலகின் கடல்மட்டமோ 1901 முதல் 2018 வரை 20 சென்டிமீட்டர் உயர்ந்ததென உலக விஞ்ஞானிகள் குழு கணக்கிட்டுள்ளது. இனியும் உயரும். அவ்வுயர்வை நாம் மட்டும் நிறுத்தல் இயலாது. ஆனால் 20 சென்டிமீட்டர் ஒருபுறமிருக்க, பம்பினால் நாமே தாழ்த்தும் மீட்டர்க் கணக்கை எண்ணுவார் இலர்.

அதனை எண்ணத் தொடங்குதற்கு நம் மாணவரே தக்கார். கடலோர ஊர்களினின்று வரும் மாணவர் விடுமுறையில் தம் ஊர்க்கிணறுகளிற் பத்தினைத் தெரிந்துகொண்டு, வைகாசியில் ஒருமுறையும், மழை ஓய்ந்த தைத்திங்களில் ஒருமுறையும் நீர் எடுத்து வருவாராக. பம்பை ஓடவிட்டுப் பத்து நிமிடங் கழித்து, அந்நீராலேயே மூன்றுமுறை அலம்பிய புட்டியில் விளிம்புமட்டும் நிரப்பி இறுக மூடுதல் வேண்டும். புட்டியின்மேல் ஊர், கிணற்றின் ஆழம், தரையிலிருந்து நீர்மட்டம், கடலிலிருந்து தொலைவு, எடுத்த நாள், அன்று இறைத்த மணிநேரம் என்னும் ஆறனையும் பென்சிலாற் குறித்து ஒட்டுக. மையினால் எழுதினால் நீர்பட்டு அழிந்துவிடும்.